பழசாக்கி அனுப்பிய உடுப்புகள்

1

நாலைந்து நாளாக அந்த அட்டை எங்கள் குசினி மேசையில் சமையல் சாமான்களுக்கு நடுவில் கிடந்தது. இலங்கையிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறதாம். அதற்குச் சுங்கவரி கட்டவேண்டுமாம். அந்த வரியை என்னிடமிருந்து வாங்குகிற சிரமத்துக்காகத் தபாற்கந்தோருக்கு வேறொரு கட்டணம் கட்டவேண்டுமாம். கட்டாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இவ்வளவையும் லண்டன்காரர் எவ்வளவு மரியாதையாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் பார்க்கவேண்டும். வாசித்து முடிக்கும்போது நான்தான் அவர்களுக்கு ஏதோ தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று தோன்றும்.

அனுப்பியவள் யாழ்ப்பாணத் தீவுப்பக்கம், எங்கள் ஊர் கரம்பொனில் இருக்கிற என் தங்கை பூமணி. அவள் என்ன அனுப்புவாள்? ஒடியல், மிளகாய்த்தூள், மிஞ்சினால் ஒரு குட்டான் பனங்கட்டி. வேலியோரம் பிடுங்கிய பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்ததற்கு மகாராணிக்கு வரி கொடுக்கவேண்டும் என்றால் எனக்குக் கோபம் வராதா? நான் குசினிக்குள் நின்று கத்தினேன். இவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

மகன் ரவி அட்டையைத் தூக்கிப் பார்த்தான். அந்தக் கிழங்கின் விலையைவிட வரி அதிகம், எடுக்காமல் விடுவதுதான் புத்தி என்றான், ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவான், இரண்டு பேரும் அவரவர் பாட்டில் போவோம். இப்போது அவனோடு சண்டை பிடிக்கிறதையும் விட்டுவிட்டேன்.

எடுக்காமல் விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கிழமைதான் ஐயாவின் ஆட்டைத் திவசம் வந்தது. என் தகப்பனார் போய் ஒரு வருடம். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. தந்தி கிடைத்தபோது ஊரில் எல்லாம் முடிந்திருந்தது.

2

பார்சலும் வரியும் எனக்குப் புதிதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் நாட்டுக்குள் வெளிச்சாமான் ஒன்றும் வரக்கூடாது என்று அரசாங்கம் இறுக்கிப் பிடித்த காலத்தில், இங்கிருந்து ஊருக்கு ஒரு சேட், ஒரு சேலை அனுப்புவதும் பெரிய வேலையாக இருந்தது. புதுச் சாமானென்றால் அங்கே அதற்குப் போடுகிற வரியில் சாமானையே இன்னொரு தரம் வாங்கலாம். பாவித்த பழைய உடுப்பென்றால் பெரும்பாலும் வரியில்லாமல் விட்டுவிடுவார்கள். இது லண்டனில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீடுகளில் நடந்த முக்கியமான தொழில், புதுசைப் பழசாக்குவது.

சிரிக்காதீர்கள், அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். முதலில் கழுத்துப் பட்டியில் இருக்கிற கடைப்பெயரை நூல் தெரியாமல் பிரித்தெடுக்கவேண்டும். பிறகு தோய்க்கவேண்டும், ஆனால் நிறம் போகக்கூடாது. அயன் பண்ணவேண்டும், ஆனால் நன்றாகப் பண்ணக்கூடாது. பூமணிக்கு வாங்கிய ஜப்பான் நைலெக்ஸ் சேலையை நான் ஒருநாள் கோயிலுக்கு உடுத்துக்கொண்டு போனேன். அங்கே பார்த்தால் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் தங்கள் தங்கைமாருக்கு வாங்கிய சேலைகளில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் விளங்கிவிட்டது. சாமி கும்பிடாமல் சிரித்துக்கொண்டு நின்றோம்.

ஐயாவுக்கு வாங்கிய சப்பாத்தைப் பழசாக்கினது ரவி. அப்போது அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில்லை. அந்தப் பெரிய சப்பாத்துக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு பின்வளவுச் சீமெந்தில் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு திரிவான். "தாத்தான்ர சப்பாத்து, தாத்தான்ர சப்பாத்து" என்று ஒரே பாட்டு. அவன் வாயில் தமிழ் அவ்வளவு அழகாக இருந்த காலம் அது. அடிப்பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் பிடுங்கித் துடைத்து, மேலே "பழைய உடுப்பும் சப்பாத்தும்" என்று எழுதிப் பார்சலைக் கட்டுவேன்.

ஒவ்வொரு பார்சலுக்கும் ஊரிலிருந்து பதில் வரும். எல்லாம் சுகமாகக் கிடைத்தது என்று ஐயா தன் கையாலேயே எழுதுவார். வரியைப் பற்றி ஒரு சொல் இருக்காது. என்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கும்.

3

இனி ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் காலிப் பட்டினத்தில் புடவைக்கடை வைத்திருந்தவர். தீவுப்பகுதி ஆட்கள் தெற்கே போய்க் கடை வைக்கிறது அந்தக் காலத்தில் வழக்கம்தானே. துணியைக் கண்ணால் பார்க்கமாட்டார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். எத்தனை தண்ணீர் கண்ட துணி, எந்த ஆலை என்றெல்லாம் விரலே சொல்லிவிடும். ஒருமுறை கூரை ஒழுகி ஒரு கட்டு வேட்டி நனைந்துபோனது. காயவைத்து மடித்து வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐயா அவ்வளவையும் தனியாக எடுத்து, நனைந்த வேட்டி என்று சொல்லிச் சொல்லி விலை குறைத்து விற்றார். பழசைப் புதுசென்று விற்றவன் என்ற பேச்சு மட்டும் கேட்கக்கூடாது என்பார்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அந்தக் கடை போயிற்று. உடுத்த வேட்டியோடு ஊருக்கு வந்தவர், பிறகு தெற்குப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கரம்பொனில் இருந்த கொஞ்சத் தோட்டத்தைச் செய்துகொண்டு, அம்மா போனபிறகு பூமணியோடு இருந்தார்.

பூமணிக்குக் கலியாணம் பேசி முடித்த வருடம் இவருக்கு வேலை போய்விட்டது. வேலைசெய்த தொழிற்சாலையையே பூட்டிவிட்டார்கள். இதை ஊருக்கு எப்படி எழுதுவது? லண்டனில் இருக்கிற மகளுக்குக் கஷ்டமென்றால் யார் நம்புவார்கள்? லீவு கிடைக்கவில்லை, கலியாணத்துக்கு வர முடியாது என்று எழுதினேன். ஒரே தங்கையின் கலியாணத்துக்கு அக்கா வரவில்லை. ஊர் என்ன கதைத்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அந்த மார்கழியில் பூமணி எழுதினாள், வாடைக்காற்றுக்கு ஐயாவுக்கு இழுப்பு வருகிறது, ஒரு கம்பளிச் சட்டை அனுப்பினால் நல்லது என்று. கடைக்குப் போகக் கையில் ஒன்றுமில்லை. இவர் தான் போட்டிருந்த சாம்பல்நிற ஸ்வெட்டரைக் கழற்றித் தந்தார். "எனக்கு வீட்டுக்குள்ளைதானே வேலை, மாமாவுக்கு அனுப்பும்" என்றார். முழங்கை கிழிந்து நான் தைத்துப் போட்ட ஸ்வெட்டர் அது. தோய்த்து மடித்து அனுப்பினேன். "பழைய உடுப்பு" என்று நான் பொய்யில்லாமல் எழுதிய ஒரே பார்சல் அதுதான்.

பதில் வந்தது. "ஸ்வெட்டர் கிடைத்தது. இனிமேல் ஒன்றும் அனுப்பவேண்டாம். இங்கே எல்லாம் கிடைக்கிறது." அவ்வளவுதான். வழக்கமாகக் கடிதத்தின் அடியில் பூமணி ஒரு டோர்ச், ஒரு குடை என்று ஏதாவது கேட்டு எழுதியிருப்பாள். அதுவும் இல்லை. அதற்குப் பிறகு வந்த எந்தக் கடிதத்திலும் இல்லை.

பாண் வாங்கிச் சாப்பிட விடியவே வரிசையில் நிற்கிற நாட்டில் எல்லாம் கிடைக்கிறதாம். எனக்கு விளங்கிவிட்டது. கலியாணத்துக்கு வராதவள் பழசை அனுப்பிச் சமாளிக்கப் பார்க்கிறாள் என்று ஐயாவுக்குக் கோபம். துணிக்காரருக்குக் கிழிந்த ஸ்வெட்டரை அனுப்பினால் கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கும் ரோசம் வந்தது. வேண்டாமென்றால் போகட்டும் என்று பார்சல் கட்டுவதை விட்டேன். நிலைமை சரியான பிறகும் கட்டவில்லை. கடிதங்களும் சுகம் விசாரிக்கிற அளவோடு நின்றன. ஐயா என்மேல் அந்தக் கோபத்தோடுதான் கண்ணை மூடினாரா? தந்தி வந்த நாளிலிருந்து இந்த ஒரு கேள்விதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. பூமணிக்கு எழுதிக் கேட்கவும் துணிவில்லை.

4

திவசத்துக்குச் செல்லத்துரை அண்ணையைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கரம்பொனில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். வாடகைக்கு ஹயர் கார் ஓடினவர். மூன்று மாதத்துக்கு முன்னர் மகனிடம் லண்டனுக்கு வந்து, வெளியில் போகப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். ஊர்ப் பக்குவத்தில் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்டதும் மனிதனுக்கு முகம் மலர்ந்தது.

சாப்பிட்ட பிறகு தேத்தண்ணி கொடுக்கும்போது எனக்கு அட்டையின் ஞாபகம் வந்துவிட்டது. வாய் சும்மா இருக்குமா?

"இதைப் பாருங்கோ அண்ணை. ஒடியலுக்கு வரி கேக்கிறாங்கள். நான் அந்த நாளையிலை எத்தினை பார்சல் அனுப்பினனான், ஒண்டுக்கெண்டாலும் நீங்கள் அங்கை வரி கட்டினனீங்களோ? பூமணிக்கு அந்த வித்தை தெரியேல்லை."

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆர் சொன்னது கட்டேல்லையெண்டு?"

"பழைய உடுப்பெண்டு எழுதித்தானே அனுப்பினனான்?"

"எழுதினனீர்தான். அவங்களும் பழசெண்டுதான் சொன்னவங்கள். கொப்பர், உம்மடை ஐயாதான் விடேல்லை. எல்லாத்துக்கும் வரி கட்டினவர், பிள்ளை. நான்தானே காரிலை கூட்டிக்கொண்டு போறனான், எனக்குத் தெரியாதே?"

முதலாவது பார்சலின் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் பார்சல் எடுக்கிற கந்தோரில் நல்ல சனம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பிரித்துப் பார்த்துவிட்டு, பழசுதானே பெரியவர், வரி இல்லை, கொண்டு போங்கோ என்றிருக்கிறார். ஐயா சேட்டின் கழுத்துப் பட்டியைப் பிடித்து விரலால் தேய்த்தாராம்.

"'தம்பி, இது பழசில்லை. ஒருக்கால் தண்ணியிலை போட்ட புதுசு. கஞ்சி இன்னும் முழுக்கப் போகேல்லை. என்ரை பிள்ளை எனக்குப் பழசு அனுப்பமாட்டாள். புதுசுக்கு உள்ளதைப் போடும்' எண்டார். பக்கத்திலை நிண்ட சனம் சிரிக்குது. எனக்கெண்டால் வெக்கத்திலை நிக்க ஏலாமல் போச்சு. காருக்கை ஏறினாப் பிறகு கேட்டனான், உங்களுக்கென்ன விசரோ எண்டு. 'செல்லத்துரை, இவ்வளவு காலமும் துணி வித்தவன் நான். மகள் அனுப்பின பழசை வாங்கிறன் எண்டு அத்தினை சனத்துக்கு முன்னாலை கையெழுத்து வைக்க என்னாலை ஏலாது' எண்டார். உமக்கு மட்டும் எழுதிப் போடக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். தெரிஞ்சால் நீர் அனுப்பிறதை விட்டிடுவீராம்."

நான் ஞாயிறு ஞாயிறாகத் தோய்த்தது, கோயிலுக்கு உடுத்தது, பிள்ளை சப்பாத்தை இழுத்தது எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஐயா எதைக்கொண்டு கட்டினார் என்று கேட்டேன். அண்ணை இழுத்தடித்தார். விடாமல் கேட்டதும், முதலில் சுருட்டுக் குடிப்பதை விட்டார் என்றார், பிறகு மோதிரம் போனது என்றார். பூமணியின் கலியாணப் படத்தில் ஐயாவின் விரல் வெறுமையாக இருந்ததை நான் பார்த்தேன்தான். வயது போய் விரல் மெலிந்ததால் கழற்றி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஸ்வெட்டருக்குமோ அண்ணை?" என்று கேட்டேன்.

அண்ணை கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அந்தாள் அதை எடுக்க வந்த நாளை நான் மறக்கமாட்டன். அதே மேசை, அதே மனிசன். அவனுக்கு இப்ப கொப்பரை நல்லாத் தெரியும். ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டி, 'பெரியவர், முழங்கையிலை தைச்சிருக்கு, கழுத்து இழுபட்டுப் போச்சு, இதையும் புதுசெண்டு சொல்லுவியளோ?' எண்டு பகிடியாக் கேட்டவன். கொப்பர் அதைக் கையிலை வாங்கினவர். தைச்ச இடத்தைத் தடவிக்கொண்டு நிண்டவர். கனநேரம். இண்டைக்காவது வரியில்லாமல் போவம் எண்டு நான் நினைக்கிறன். பிறகு தலையை நிமித்திச் சொன்னார், 'ஓம் தம்பி, புதுசுதான். அங்கை இப்ப இப்பிடித்தான் தைச்சு விக்கிறாங்கள்' எண்டு."

"வரி?"

"கட்டினவர். அந்த மனிசனே வேண்டாமெண்டு சொன்னவன். கேக்கேல்லை. பண்ணைப் பாலமும் தாண்டியாச்சு. வேலணைக்குக் கிட்ட வரேக்கைதான் வாயைத் திறந்தவர். 'இது பிள்ளையின்ரை தையல். மருமோன் போட்டிருந்ததைக் கழட்டி அனுப்பியிருக்கிறாள். அங்கை அவையளுக்குக் கஷ்டம் செல்லத்துரை, சொல்லாமல் இருக்கிறாள். கலியாணத்துக்கு வராததும் இதுதான். இனி அவளிட்டை ஒண்டும் கேட்டு எழுதக்கூடாதெண்டு பூமணிக்குச் சொல்லவேணும்' எண்டார்."

நான் எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சத்தம் வெளியில் கேட்கக்கூடாது என்று. நனைந்த வேட்டியைக்கூட நனைந்ததென்று சொல்லி விற்ற மனிதர். வாழ்நாளில் பழசைப் புதுசு என்று அவர் சொன்னது அந்த ஒரு ஸ்வெட்டரைத்தான், அதுவும் எனக்காக. நான் இங்கே இருந்து ரோசம் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்து, ஐயாவுக்கு என்னில் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"கோபமோ?" என்றார் அண்ணை. "வாடைக்காத்துத் தொடங்கினால் அந்த ஸ்வெட்டரைக் கழட்டாத மனிசன். கோயில் வீதியிலை மட்டும் கழட்டித் தோளிலை போடுவார். ஆரும் கேட்டால், மூத்தவள் அனுப்பின புதுசெண்டுதான் சொல்லுறது. செத்தவீட்டிலை மற்ற உடுப்புகளோடை அதை நெருப்பிலை போடப் பூமணி விடேல்லை. தோய்ச்சு அலுமாரிக்கை வைச்சிருந்தவள்."

5

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தபாற்கந்தோருக்குப் போனேன். ரவியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒடியலுக்காக ஒரு நாள் சம்பளத்தை விடுகிற தாயைப் பற்றி அவன் கார் ஓடிக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்.

மேசைக்குப் பின்னால் நல்ல மனிதர் ஒருவர், என் வயதிருக்கும். பார்சலின் மேலே ஒட்டியிருந்த சீட்டை வாசித்துக் காட்டினார். பூமணியின் உருண்டை உருண்டையான எழுத்தில், புதிய கம்பளிச் சட்டை ஒன்று, உலர்ந்த உணவு என்று ஆங்கிலத்தில் இருந்தது. விலையும் நன்றாகவே போட்டிருந்தாள். உணவுக்கு வரி கிடையாதாம், கம்பளிச் சட்டைக்குத்தானாம். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஐயா புதுசென்று வரி கட்டி எடுத்ததை அவர் பிள்ளை எப்படிப் பழசென்று எழுதுவாள்?

நான் கேட்டதால் அவர் என் முன்னாலேயே பிரித்தார். ஒடியல் பொட்டலம் நடுவில் இருந்தது. அதைச் சுற்றியிருந்தது இவரின் சாம்பல்நிற ஸ்வெட்டர். பூச்சி உருண்டை மணந்தது. வலது முழங்கையில் நான் தைத்த தையல் அப்படியே இருந்தது. இடது முழங்கையிலும் கிழிந்து, அதை யாரோ வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். பெரிய பெரிய தையல். கடைக்காரர்கள் துணிக்கட்டுத் தைப்பார்களே, அப்படி. அது பூமணியின் கையில்லை.

அந்த மனிதர் கழுத்தைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அனுப்பியவர் தவறாக எழுதிவிட்டார் போலிருக்கிறது அம்மா, இது பழைய உடுப்பு, இதற்கு நீங்கள் வரி கட்டத் தேவையில்லை, ஒரு படிவம் நிரப்பித் தந்தால் கட்டணத்தையும் நீக்கிவிடலாம் என்றார். சொல்லிக்கொண்டே படிவத்தை எடுத்து வைத்தார். ரவி பேனையை எடுத்து என் கையில் தந்தான்.

நான் அந்த வெள்ளை நூல் தையலைத் தடவிக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள்.

"அம்மா," என்றான் ரவி. பிறகு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, தமிழில் கேட்டான். "இது அப்பான்ர பழசுதானே?"

"இல்லை மோனை. தாத்தான்ர."

படிவத்தை அந்த மனிதரின் பக்கம் தள்ளிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நிதானமாக, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னேன்.

"புதுசுதான். எங்கட ஊரிலை இப்ப இப்பிடித்தான் தைச்சு விக்கினம்."

வரியையும் கட்டணத்தையும் கட்டிக் கையெழுத்து வைத்தேன்.